கைதட்டல் வாங்கிய மூன்று நிமிடம்

புதிதாகப் பயிற்சியாளர்களாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று, என்னோடு வேலை பார்த்த நந்தினி கேட்டபோது, முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். அனுமதிக் கடிதம் எப்படி எழுதுவது, வரிசை எப்படி அமைப்பது, தண்ணீர் கேன் எங்கே வைப்பது, பத்திரிகைக்காரர்களிடம் யார் பேசுவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. கலர் கலராகப் படம் வேறு போட்டிருக்கிறார்கள். சட்டத்துக்கு உட்பட்டு, கை ஓங்காமல், கல் எடுக்காமல் போராடுவதற்கு ஆட்களைத் தயார் செய்வது நம் வேலை. இந்தப் பெங்களூரில் இருபத்தெட்டு வருஷம் அதைத்தான் செய்தேன். வேண்டுமானால் அதில் நான் சொதப்பியதை எழுதுகிறேன் என்றேன். "அதுவே போதும் சார், உங்ககிட்ட அது நெறைய இருக்கு" என்றாள் நந்தினி. அவளுக்கு வாய் அதிகம்.

விசில் கதையை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊர்வலத்துக்கு அனுமதி கிடைத்துக்கொண்டிருந்த காலம் அது. கூட்டத்தில் தள்ளுமுள்ளு வந்தால் தொண்டர் ஒரு விசில் அடிப்பார், எல்லோரும் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், இரண்டு விசில் அடித்தால் எழுந்துகொள்ளலாம் என்று கார்மென்ட்ஸ் பெண்கள் இருநூறு பேருக்குப் பழக்கியிருந்தேன். அடுகோடிப் பக்கம் சிக்னலைத் தாண்டும்போது டிராபிக் கான்ஸ்டபிள் ஒருவர் ஆட்டோக்காரனைப் பார்த்து விசில் அடித்தார். அவ்வளவுதான். இருநூறு பேரும் நடு ரோட்டில் அழகாக உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் பஸ்கள் அலற, நான் கையைக் காலை ஆட்டிக் கத்த, ஒருத்திகூட நகரவில்லை. "ரெண்டு விசில் வரலியே சார்" என்று ஒரு பெண் என்னையே கண்டித்தாள். அன்றிலிருந்து விசிலை விட்டுவிட்டுச் சிவப்புத் துணிக்கு மாறினோம்.

அது சிரித்துவிட்டுப் போகிற தவறு. எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நந்தினிக்குத் தெரியும், அவள் அன்று கூடவே இருந்தாள். வேலைக்குச் சேர்ந்து அப்போது அவளுக்கு நாலு மாதம்தான்.

தெரு கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் எட்டுப் பேரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். எட்டும் பெண்கள். காலை ஆறு மணிக்கு வந்தால் மதியம் இரண்டு வரை ஒதுங்க ஓர் இடம் கிடையாது. அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே வேலை செய்வார்கள். ஆஜர் எடுக்கிற இடத்தில் ஒரு கழிவறை வேண்டும் என்று இந்த எட்டுப் பேர் கான்ட்ராக்டரிடம் மனு கொடுத்தார்கள். மறுநாள் ஆஜர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும், கழிவறை கட்ட வேண்டும் என்று ஒரு நாள் போராட்டம் நடத்த முடிவானது. போலீஸ் அனுமதிக்கு மனுப் போட்டது வசந்தா என்ற பெண். நிறுத்தப்பட்ட எட்டுப் பேரில் அவளும் ஒருத்தி. அடுகோடியில் வீடு. போராட்டத்தில் ஒரு சின்னத் தகராறு நடந்தாலும் போதும், கேஸ் வரும். கேஸ் வந்தால் 'ரவுடிப் பெண்களை வேலைக்கு எடுக்க முடியாது' என்று கான்ட்ராக்டர் கையை விரித்துவிடுவார். எட்டுக் குடும்பத்தின் சோறு அந்த ஒரு நாளில் இருந்தது.

போராட்டத்துக்கு ஆறு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, தொம்மலூரில் ஒரு சங்கத்தின் மாடி ஹாலில் பயிற்சி. நாற்பது பெண்கள் வந்திருந்தார்கள். மற்றதெல்லாம் முடிந்து கடைசியாக வசவுப் பாடம் வந்தது.

வசவுப் பாடம் உங்கள் கையேட்டில் இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கதை. அப்போது அது இல்லாமல் நான் எந்தப் பயிற்சியையும் முடித்ததில்லை. காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு மூங்கில் தடியோடு, நான் போலீஸாகவோ வேலை வாங்கும் மேஸ்திரியாகவோ நடிப்பேன். ஒவ்வொருவராக எதிரே வந்து நிற்க வேண்டும். மூன்று நிமிடம் வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அவர்கள் கையைத் தொங்கவிட்டு, நேரே பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல் நிற்க வேண்டும். நின்றால் பாஸ், எல்லோரும் கைதட்டுவார்கள். தெருவில் எவனாவது சீண்டினாலும் கை நீளாது என்பது கணக்கு.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் ஓர் ஆலைத் தொழிற்சங்கக்காரர். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. என் அம்மாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதும் பாய்ந்துபோய் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். மூன்று முறை ஃபெயில். நாலாவது முறை அசையாமல் நின்றேன், "இனி நீ ஆலை கேட்டுக்குப் போகலாம்" என்றார். என் வாழ்க்கையில் ஒருவன் என்னைத் திட்டி நான் சும்மா நின்றது அதுதான் முதல் தடவை. மைசூர் சர்க்கார் உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எங்களைத் தெருவில் நிறுத்தித் திட்டுவதற்கு யாருக்குத் தைரியம் வரும்? அதனால் அந்தப் பொறுமை எனக்குப் பெரிய சாதனையாகத் தெரிந்தது. எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருபது வருஷம் ஓட்டிவிட்டேன்.

அன்று வசந்தாவின் முறை வந்தது. நான் ஏற்பாடுகளில் கெட்டிக்காரன். ஆஜர் எடுக்கிற மேஸ்திரி இந்தப் பெண்களை என்ன சொல்லித் திட்டுவான் என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தேன். அவர்கள் ஜாதியைச் சொல்லித் திட்டுகிற சொல் அது. அதை இங்கே எழுத மாட்டேன். அன்று வாயால் சொன்னேன். ஒரு தடவை அல்ல, மூன்று நிமிடத்தில் எத்தனை தடவை முடியுமோ அத்தனை தடவை. அதோடு விட்டேனா? இன்னும் தத்ரூபமாக இருக்கட்டும் என்று பாக்கெட்டிலிருந்து கர்சீப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்த நேரத்தில் தானாக வந்தது.

வசந்தா அசையவில்லை. கண் இமைக்கவில்லை. மூச்சுக்கூட மாறவில்லை. இத்தனை வருஷத்தில் அப்படி நின்ற ஆளை நான் பார்த்ததில்லை. "ஃபர்ஸ்ட் கிளாஸ்! நூத்துக்கு நூறு!" என்று கத்தினேன். எல்லோரும் கைதட்டினார்கள், எல்லோரையும்விட நான்தான் பலமாகத் தட்டினேன். அவள் போய்ப் பையை எடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை.

பாத்திரம், பாய் எல்லாம் ஆட்டோவில் ஏற்றும்போது நந்தினி கேட்டாள்.

"சார், ஒண்ணு சொல்லட்டா? அந்த வார்த்தை தேவையா இருந்துதா?"

"ரோட்ல எவனாவது அதச் சொல்லும்போது 'தேவையா'ன்னு கேட்டா விட்ருவானா? முப்பது வயசு ஆகல உனக்கு, எனக்குப் பாடம் எடுக்கறே" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் மிச்சமிருந்த பாயைச் சுருட்டி ஆட்டோவில் வைத்தாள். நான் மூன்று நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். கோபம் தணிந்தால் வசந்தாவே வருவாள், இதைக்கூடத் தாங்க முடியாதவள் தலைமை தாங்குவாளா என்றெல்லாம் மனசுக்குள் வாதம் பண்ணினேன். என் தரப்பில் நியாயம் இருப்பதாக வீட்டில் என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். கர்சீப் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. மனுப் போட்டவர் நேரில் வந்து, தகராறு வராது என்று உறுதி தரும் முச்சலிக்கையில் கையெழுத்துப் போட வேண்டும், நாளைக்குள் வராவிட்டால் அனுமதி கிடையாது என்றார்கள். வேறு வழியில்லாமல் அன்று மாலையே அடுகோடிக்குப் போனேன். மனசு உறுத்திப் போனேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். கையெழுத்து வாங்கத்தான் போனேன்.

வசந்தா வாசலில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. ஒரு பிளாஸ்டிக் சேரை எடுத்துப் போட்டாள். தான் குடத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"வசந்தா, அன்னிக்கு அது ட்ரெய்னிங்குக்காகத்தான். நான் ஒண்ணும் மனசுல வச்சு..."

"தெரியும் சார். நீங்க நல்லவருதான்."

"அப்புறம் ஏன் போனை எடுக்கல?"

"சார், பத்தொம்போது வருசமா காலைல ஆறு மணிக்கு அந்த மேஸ்திரி அதையேதான் சொல்றான். நான் கம்முனு நின்னு கேட்டுகிட்டுதான் கெடக்கிறேன். கம்முனு நிக்கிறதுக்கு எனக்கு எதுக்கு சார் ட்ரெய்னிங்? வேணும்னா நான் உங்களுக்குத் தரேன்."

குடம் நிரம்பியது. அவள் குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"திட்டினதுகூடப் பர்வால்ல. கைதட்டினீங்க பாருங்க, அதான் சார் ரொம்ப பேஜாராயிடுச்சு. மேஸ்திரி திட்டறப்ப யாரும் கைதட்ட மாட்டாங்க. தலையக் குனிஞ்சுக்குவாங்க. அன்னிக்கு எங்க ஆளுங்களே சிரிச்சுகிட்டுத் தட்டறாங்க. நான் நல்லா பொறுத்துகிட்டேனாம்!"

கையெழுத்து, முச்சலிக்கை எல்லாம் மறந்துபோனது. "தப்புப் பண்ணிட்டேன்மா. என்னை மன்னிச்சுக்கோ. அந்தக் கர்சீப்பு... அதுக்கும்" என்றேன். ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு தெருவில், பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கமாக இருந்தது. அழுதது குறித்து அல்ல, அதற்கு முந்தின மூன்று நாள் வாதத்தை நினைத்து.

அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"கையெழுத்துப் போடறேன் சார். எட்டுப் பேரு வேலை. ஆனா சனிக்கிழமை எவனாவது அப்படிச் சொன்னா நான் கம்முனு நிக்க மாட்டேன். அடிக்கவும் மாட்டேன், திருப்பித் திட்டவும் மாட்டேன். மத்தது என்ன இருக்குன்னு நீங்க சொல்லுங்க. நீங்கதான படிச்சவரு."

இருபது வருஷப் பையில் துழாவிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அவளே கேட்டாள்: "நாலு பேரு முன்னாடி எங்க ஜாதியச் சொல்லித் திட்டினா, அது கேஸா சார்?"

"கேஸ்தான். பொது இடத்துல, பிறர் காதுபடச் சொன்னா குற்றம். புகார் குடுக்கலாம். சாட்சி வேணும், சொன்னது யாரு, எப்போ, எங்கேன்னு வேணும்."

"இத ஏன் சார் அன்னிக்குச் சொல்லல?"

யோசித்துப் பாருங்கள். போராடுகிறவர்கள் சட்டத்துக்கு எப்படி அடங்கி நடக்க வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். எத்தனை பேர் வரலாம், எத்தனை மணிக்குக் கலைய வேண்டும், ஒலிபெருக்கி கூடுமா கூடாதா எல்லாம் தலைகீழ்ப் பாடம். அதே சட்டத்தில் அவர்களுக்காக என்ன இருக்கிறது என்று ஒரு மணி நேரம் ஒதுக்கியதில்லை. அவள் கேட்ட பிறகு வீட்டுக்குப் போய்ப் பழைய பயிற்சித் திட்டங்களை எல்லாம் எடுத்துப் புரட்டினேன். ஒன்றில்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை அதே ஹாலில் மறுபடி கூடினோம். முதலில் நாற்பது பேர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டேன். காக்கிச் சட்டையை வசந்தா வாங்கி ஒரு நாற்காலி முதுகில் மாட்டினாள். "இந்த வேசம் யாரும் போட வேணாம். அவன் எப்படிப் பேசுவான்னு நமக்குத் தெரியும்" என்றாள். பாடம் எளிமையானது. ஒருத்தியைத் திட்டினால் அவள் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று, சத்தமாக, மரியாதையாகத் திட்டியவனின் பெயரைக் கேட்க வேண்டும். நாலு பேர் அவள் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். எழுதத் தெரிந்த ஒருத்தி மணியையும் சொல்லையும் நோட்டில் எழுத வேண்டும். யாரும் யாரையும் தொடக் கூடாது. ஒவ்வொருத்தியாகப் போய் அந்த நாற்காலியிடம், "நிம்ம ஹெஸரு ஹேளி சார்" என்று கன்னடத்தில் பெயர் கேட்டார்கள். ஒருத்தி, "ஏன் சார், வாய்ல கொழுக்கட்டையா?" என்று நாற்காலியைக் கேட்டதில் ஹால் சிரித்தது. வசந்தாவும் சிரித்தாள். யாரும் கைதட்டவில்லை.

சனிக்கிழமை, போராட்டங்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் ஃப்ரீடம் பார்க். இருநூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். மதியம் வரை ஒரு குறையும் இல்லை. இரண்டு மணி வாக்கில் வசந்தா தண்ணீர் கேன் இருந்த கேட் பக்கம் போனாள். அங்கே மேஸ்திரி, கான்ட்ராக்டரின் ஆட்கள் இரண்டு பேரோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னான். நான் நடித்ததுபோல் கத்தவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில், டீயை ஊதிக்கொண்டே சொன்னான்.

உட்கார்ந்திருந்த பெண்களில் பத்துப் பதினைந்து பேர் எழுந்துவிட்டார்கள். கௌரி என்ற பெண் கையில் செருப்பு. அந்தச் செருப்பு பறந்தால் எட்டுப் பேர் கதை முடிந்தது. குறுக்கே போய் விழலாம் என்று காலெடுத்தேன். நந்தினி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். "சார், அவங்க பாத்துக்குவாங்க. நில்லுங்க" என்றாள். நின்றேன். என் வேலையில் நான் செய்த மிகக் கஷ்டமான காரியம் அப்படி நின்றதுதான்.

வசந்தா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "கௌரி, செருப்பக் கால்ல போடு. நோட்ட எடு."

பிறகு மேஸ்திரியிடம், "நிம்ம ஹெஸரு ஹேளி சார்."

அவன் சிரித்தான். "ஏன், பத்தொம்போது வருசமா என் பேரு தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். நீங்க சொல்லுங்க."

நாலு பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள். கௌரி மணி பார்த்து எழுதினாள். வசந்தா மறுபடி கேட்டாள், அதே குரலில். அவன் கூட வந்தவர்களைப் பார்த்தான். அவர்கள் டீக்குக் காசு கொடுப்பதில் மும்முரமாகிவிட்டார்கள். ஒரு பெண் கான்ஸ்டபிள் "ஏனு கலாட்டே?" என்று வந்தார். "கலாட்டே இல்ல மேடம், ஹெஸரு கேள்த்தா இதீவி" என்றாள் வசந்தா. மூன்றாவது முறை கேட்பதற்குள் அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தன் பெயரைக் கடைசிவரை அவன் வாயால் சொல்லவில்லை.

முடிவைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆவலாக இருக்கும். மூன்று வாரம் கழித்து எட்டுப் பேரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், வசந்தா உட்பட. ஒரு தகராறுகூட இல்லாததால் மறுக்க அவர்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை. கழிவறை என்று ஒன்று வந்து நின்றது, பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது. அதற்கு இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமை மாலை நடந்ததை. போராட்டம் முடிந்ததும் வசந்தா புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனாள். சாட்சிக்குக் கௌரியும் மற்ற மூன்று பேரும், துணைக்கு நானும் நந்தினியும். எழுதிக்கொண்ட அதிகாரி பொறுமைசாலி. எல்லாம் கேட்டு எழுதியபின் தலையைத் தூக்காமல் கேட்டார்: "இதுக்கு முன்னாடி வேற யாராவது இப்படி நாலு பேரு முன்னாடி சொல்லியிருக்காங்களாம்மா?"

வசந்தா பதில் சொல்லவில்லை. கையைத் தொங்கவிட்டு, நேரே பார்த்து நின்றாள். கௌரி தரையைப் பார்த்தாள். ஹாலில் கைதட்டிய மற்றவர்களும் தரையைப் பார்த்தார்கள். எனக்காகத்தான் அவள் பேசாமல் நிற்கிறாள் என்று புரிவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் என்னால் உட்கார முடியவில்லை.

"நான் சொன்னேன் சார்" என்றேன். "போன ஞாயித்துக்கிழமை. தொம்மலூர் ஹால்ல. நாப்பது பேரு முன்னாடி. இவங்களையே."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு விவரம் கேட்டார். சொன்னேன். கர்சீப் உட்பட. அவர் சிரித்துவிட்டார். "அது ட்ரெய்னிங்கு, நாடகம் சார். அதெல்லாம் கேஸ் இல்ல. உக்காருங்க." சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"எழுதுங்க சார்" என்றாள் வசந்தா.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இவரு சொன்னாரு, அத எழுதுங்க. வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாரு, அதையும் எழுதுங்க. பத்தொம்போது வருசத்துல அப்படி ஒரு ஆளு வந்து கேட்டது அது ஒண்ணுதான். ரெண்டும் நடந்துது, ரெண்டும் இருக்கட்டும்."

அதிகாரி என் பக்கம் திரும்பி, எழுதட்டுமா என்று கண்ணால் கேட்டார். எழுதுங்கள் என்றேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு என் பெயரைக் கேட்டார். ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திச் சொன்னேன்.